அளவு சேராத கவுன்கள்

மாப்பிள்ளை,

இன்று காலை படுதா வாங்கக் கும்பகோணம் போயிருந்தேன். அறுத்த நெல் களத்தில் கிடக்கிறது. வானம் மூட்டம் போட்டிருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் எனக்கு முன்னால் பாதி ஊர் குவித்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறது. வீட்டிலிருந்த பழைய படுதாவை எலி கடித்துவிட்டது. கடைக்காரர் புதுச் சுருள் ஒன்றை எடுத்து என் காலடியில் உருட்டி விரித்தார். பச்சைக் கேன்வாஸ். மெழுகும் எண்ணெயும் கஞ்சியும் கலந்த ஒரு வாசனை அதிலிருந்து எழுந்தது. நான் குனிந்தவன் நிமிராமல் அப்படியே நின்றுவிட்டேன்.

"என்னங்க, பிடிக்கலையா? வேற காட்டவா?" என்றார் கடைக்காரர்.

"இல்லைங்க, இதையே கட்டுங்க" என்றேன்.

பஸ்ஸில் வரும்போது அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். நீ ஷார்ஜாவிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் உன் பெட்டியிலும் சட்டையிலும் தலைமுடியிலும் இந்த வாசனைதான் இருக்கும். கூடாரம் தைக்கிற கம்பெனியில் வேலை. கல்யாண விருந்துக்கும் கட்டட வேலைக்கும் பாலைவனத்தில் போடுகிற பெரிய பெரிய கூடாரங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற மற்றவர்கள் சென்ட் மணக்க வந்து இறங்குவார்கள். "எங்க வீட்டுக்காரர் மட்டும் படுதாக் கடை மாதிரி வந்து எறங்குவார்" என்று மல்லிகா கேலி செய்வாள்.

என் தங்கை மல்லிகாவை உனக்குக் கொடுக்கலாம் என்று அப்பாவிடம் முதலில் பேசியவன் நான். ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள் நாம். அதுவரை 'வாடா போடா' என்றிருந்தவனைக் கல்யாணத்துக்குப் பிறகு நாலு பேர் முன்னால் 'வாங்க மாப்ள' என்று கூப்பிட எனக்குக் கூச்சமாக இருக்கும். உனக்கு அதைவிடக் கூச்சம். தனியாக இருக்கும்போது கடைசிவரை நமக்குள் 'டா'தான்.

உன் மகள் கயல்விழி பிறந்தபோது நீ அங்கே இருந்தாய். நீ முதல் முறை அவளைப் பார்த்தபோது அவள் நடந்துகொண்டிருந்தாள். நீ கையை நீட்டினாய். அவள் உன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு ஓடிவந்து என் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். எல்லோரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய். உன் கைகள் மட்டும் கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தன.

அதிலிருந்துதான் கவுன்கள் வர ஆரம்பித்தன என்று நினைக்கிறேன். நம் பக்கத்து ஆள் யார் ஊருக்கு வந்தாலும் அவரிடம் ஒரு கவுனைக் கொடுத்தனுப்புவாய். ஆரம்பத்தில் அளவு வேண்டுமென்று மல்லிகாவுக்கு போன் போட்டுக் கேட்பாய். "என் இடுப்புக்குக் கொஞ்சம் மேல இருக்கா" என்பாள் அவள். அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கடையில் போய் நிற்பாய். வாங்கிய கவுன், கொண்டுவர ஆள் கிடைக்கும்வரை உன் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். இங்கே வந்து சேரும்போது கயல் அதைத் தாண்டி வளர்ந்திருப்பாள். அடுத்த தடவை உஷாராகி மிகப் பெரிதாக வாங்குவாய். அது தரையைக் கூட்டும். அவள் அதற்குள் வளர்வதற்கு முன்னால் அதன் பாணியே பழசாகிவிடும்.

ஒரு தீபாவளிக்கு வெள்ளை வலை வைத்த ரோஸ் கவுன் ஒன்று வந்தது. பெண்ணுக்கு அதன்மேல் உயிர். தலை நுழைந்தது, கை நுழையவில்லை. பாதி உடுத்தியபடி நின்று அவள் அழுததைப் பார்க்க முடியாமல், நான் சைக்கிளில் ஏற்றி வலங்கைமான் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய் ஒரு பாவாடை சட்டை வாங்கிக் கொடுத்தேன். உன்னிடம் போனில் "ரொம்ப அழகா இருந்துச்சுப்பா" என்று அவள் சொன்னாள். சொல்லச் சொன்னது மல்லிகா.

கூடாரத்துக்குத் துணி வெட்டுவதில் உன் மாதிரி ஆள் இல்லை என்று உன்னோடு வேலை பார்த்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நீயே ஒருநாள் என்னிடம் சொன்னாய்: "ஆயிரம் பேர் உக்கார்ற கூடாரத்துக்கு அளவு எடுக்குறேன் மச்சான். என் பொண்ணோட தோள் அகலம் எனக்குத் தெரியல."

கனத்த துணியைத் தூக்கித் தூக்கி உன் முதுகெலும்பில் தட்டு விலகியது. கம்பெனி உன்னை அனுப்பிவிட்டது. நீ ஒரேயடியாக ஊர் வந்து சேர்ந்தபோது கயல் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவம் படித்து முடித்து, மன்னார்குடிப் பக்கம் டாக்டராக வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். "சாப்டீங்களாப்பா", "முதுகு வலி எப்படிப்பா இருக்கு" என்று கேட்பாள். மரியாதைக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் வண்டி வாங்குவதா, வேறு ஊருக்கு மாற்றல் கேட்பதா, பெண் பார்க்க வருகிறவர்களிடம் என்ன சொல்வது என்பதையெல்லாம், நீ அந்தக் கூடத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது, தெருவைத் தாண்டி என் வீட்டுக்கு வந்து கேட்பாள். "மாமா, என்ன பண்ணலாம்?"

எனக்கு அது பழகியது. உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று வாய்க்கால் கரையில் ஒருநாள் நீ சொன்னபோதுதான் தெரிந்தது.

"நான் இன்னும் லீவுல வந்தவன் மாதிரிதான் இருக்கேன் மச்சான். எப்ப கெளம்புறீங்கன்னு யாரும் கேக்கல, அவ்வளவுதான் வித்தியாசம்."

சும்மா இருக்க முடியாமல் ஒரு பழைய தையல் மிஷின் வாங்கிப் போட்டாய். டிராக்டர் சீட்டுக்கு உறை, பைக்குக்கு உறை என்று ஊரில் கேட்டதையெல்லாம் தைத்தாய். ஒருநாள் நான் வந்தபோது தரை முழுக்கத் துணித்துண்டுகளைப் பரப்பி நடுவில் உட்கார்ந்திருந்தாய். மல்லிகாவின் கிழிந்த புடவைகள், என் பழைய சட்டை ஒன்றுகூட இருந்தது.

"என்னடா இது, பழைய துணிக்காரன் மாதிரி?"

"போர்வை தைக்கப் போறேன்."

"கடையில கெடைக்காததா?"

அப்போதுதான் குலாம் பாயைப் பற்றி முதல் தடவை சொன்னாய். சிந்து மாகாணத்துக்காரர், உன் அறையில் பக்கத்துக் கட்டில். அவருடைய அம்மா பழைய துணிகளை வெட்டி, அடுக்கி, ஓட்டுத் தையல் போட்டு ஒரு போர்வை தைத்துக் கொடுத்திருந்தாராம். அவர்கள் ஊரில் அதற்கு ரல்லி என்று பெயராம். சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாக, கோயில் தேரில் தொங்குகிற துணி மாதிரி இருக்கும் என்றாய். "அந்தம்மா முகத்தை நான் பாத்ததில்ல. அவங்க எந்தத் துணிக்குப் பக்கத்துல எத வச்சாங்கன்னு மட்டும் இன்னும் கண்ணுல நிக்குது" என்றாய். மூன்று அடுக்கும் நகராமல் இருக்க நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தைத்துப் போக வேண்டும் என்று குலாம் பாய்தான் ஒரு வெள்ளிக்கிழமை விடுமுறையில் காட்டிக்கொடுத்தாராம்.

காட்டிக்கொடுத்தும் உன் முதல் போர்வை வாய்க்கவில்லை. துவைத்துக் காயப்போட்டால் சிவப்புப் புடவையின் சாயம் எல்லாவற்றிலும் இறங்கியிருந்தது. ஒரு துணி சுருங்க, இன்னொன்று சுருங்காமல், மொத்தமும் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்துபோயிருந்தது. "மாட்டுக்குப் போடலாம்" என்றாள் மல்லிகா. நீ சிரித்துக்கொண்டே போய் உண்மையாகவே என் மாட்டுக் கொட்டகையில் போட்டுவிட்டு வந்தாய்.

இரண்டாவதற்கு எல்லாத் துணியையும் முன்னாலேயே கொதிக்கிற நீரில் அலசினாய். நடு அடுக்குக்குப் பழைய வேட்டிகளை வைத்தாய். அது போர்வையாக வந்தது, ஆனால் உனக்குத் திருப்தி இல்லை. "இது அந்தம்மாவோட போர்வை. என்னோடது இல்ல" என்றாய். எனக்கு அப்போது புரியவில்லை.

மூன்றாவதுதான் என்னிடம் இருப்பது. சம்பா நடவு நடந்துகொண்டிருந்த சமயம். என் மோட்டார் கொட்டகையின் மேல்தளத்தில் ஏறி நின்று வெகுநேரம் வயலைப் பார்த்தாய். நாற்றங்கால் ஒரு பச்சை, நட்டு முடித்த வயல் வேறொரு பச்சை, உழுது தண்ணீர் கட்டிய இடம் வானத்தின் நிறம். அதையே துணியில் வைத்தாய். தண்ணீருக்கு மல்லிகாவின் நீலப் புடவை. விரித்துக் காட்டியபோது நான் ஒரு குறை சொன்னேன். "எல்லாம் சரிடா. வரப்பு இவ்வளவு நேரா எங்க இருக்கு?"

மறுநாள் போய்ப் பார்த்தால் ஒரு பக்கம் முழுவதையும் பிரித்துப் போட்டிருந்தாய். கோணலான வரப்புகளோடு மறுபடி தைத்தாய். என் வயலுக்கும் பக்கத்து வயலுக்கும் நடுவில், இரண்டு தலைமுறைச் சண்டையில் வளைந்துபோன வரப்பு ஒன்று உண்டே, அதுவும் அதில் இருந்தது. அந்த வளைவைத் தடவிப் பார்த்துவிட்டு, நம் மண்ணை ஒருவன் இவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறானே என்று மறுபடியும் அதையே தடவினேன்.

பிறகு ஒரு சூட்கேஸ் வெளியே வந்தது. துணி தேடிக்கொண்டு பரணைக் குடைந்தபோது, நீ என்றோ கொண்டுவந்த நீலச் சூட்கேஸ் ஒன்று கிடைத்தது. திறந்தால் கவுன்கள். நீ அனுப்பிய அத்தனையும். சிலவற்றில் கடை அட்டைகூடப் பிரிக்கவில்லை. நீ ஒவ்வொன்றாக எடுத்து மடிமேல் வைத்தாய், மடித்தாய், அடுத்ததை எடுத்தாய். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கயலுக்கு ஒரு போர்வை தைத்துக் கொடுக்க வேண்டும், அதுவும் இந்தக் கவுன்களை வெட்டித்தான் தைக்க வேண்டும் என்று நீ முடிவு செய்தாய். மல்லிகா மட்டும் சொன்னாள்: "அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வெட்டுங்க." அதை அவளுக்குத் தெரியாமல் செய்து கொடுக்க வேண்டும் என்று நீ நினைத்தாய். போட முடியாத துணி, யாருக்கும் உதவாமல் கிடப்பது, இப்படியாவது அவள் உடம்பில் படட்டுமே என்று நினைத்தாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். நீ மஞ்சள் கவுன் ஒன்றைச் சதுரம் சதுரமாக வெட்டி முடித்திருந்தாய். வாசற்படியில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"இத ஏம்ப்பா வெட்டுனீங்க?"

"உனக்குத்தாம்மா. போர்வை."

"யாரக் கேட்டு வெட்டுனீங்க?"

நீ கத்தரிக்கோலைக் கீழே வைத்தாய். "உனக்கு ஒண்ணு கூடச் சேரலையேம்மா. அதான்..."

"ஆமா, ஒண்ணு கூடச் சேரல." அவள் குரல் உயரவில்லை. "சித்தி கேட்டாங்க, பக்கத்து வீட்டுல கேட்டாங்க, அம்மா எடுத்துக் குடுக்கத்தான் பாத்தாங்க. ஒண்ணயும் நான் குடுக்க விடல. லீவு விட்டா எல்லாத்தையும் எடுத்து மேல வச்சுப் பாத்துட்டு மறுபடி மடிச்சு வைப்பேன். உங்களுக்கு இது தெரியுமா?"

உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அந்தப் பெண்ணைச் சைக்கிளில் வைத்துச் சுற்றியவன் நான், எனக்கே தெரியாது. அவள் சாப்பிடாமல் கிளம்பிப் போனாள். நீ அந்த மஞ்சள் துண்டுகளைப் பொறுக்கி, பழைய கவுனாகவே திரும்ப இணைக்க முடியுமா என்று வெகுநேரம் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அதன் பிறகு வாரக்கணக்கில் மிஷின் ஓடவில்லை. கயல் வந்தாள், போனாள், கேட்க வேண்டிய நலத்தையெல்லாம் கேட்டாள். சூட்கேஸ் கூடத்தின் மூலையிலேயே இருந்தது. அதை யாரும் தொடவில்லை.

என் கறவை மாடு கன்று போட முடியாமல் தவித்த அன்றைக்குத்தான் அது மாறியது. விடியற்காலையிலிருந்து முக்கிக்கொண்டிருந்தது. கன்று உள்ளே திரும்பிக் கிடந்தது. கயலுக்கு போன் போட்டேன். வெயில் ஏறுவதற்குள் பைக்கில் வந்துவிட்டாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாட்டைப் பிடிக்க நீதான் வந்தாய். முதுகு வலியோடு, கொம்பைப் பிடித்து அதன் தலையை உன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாய். அவள் தோள்வரை கையை விட்டு, மெல்ல மெல்லக் கன்றைத் திருப்பி இழுத்தாள். உயிரோடு வந்து விழுந்தது. ஆனால் மாட்டுக்குக் கிழிந்திருந்தது. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு அவள் தைக்க உட்கார்ந்தாள்.

நீ மாட்டின் தலையை என்னிடம் கொடுத்துவிட்டு அவள் பக்கத்தில் போய்க் குந்தினாய். வளைந்த ஊசி உள்ளே போய் வெளியே வருவதை, முடிச்சு விழுவதை, கண் கொட்டாமல் பார்த்தாய்.

"எடைவெளி ஒரே சீரா போடுறம்மா" என்றாய்.

"அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க."

"ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி முடிச்சு. தொடர்ச்சியா ஓட்ட மாட்டியா?"

"ஒண்ணு அவுந்தாலும் மத்தது தாங்கணும்ல. அதுக்குத்தான்."

"கூடாரத்துக்கும் மூலையில நாங்க அப்படித்தான் போடுவோம்" என்றாய். "காத்துல ஒரு எடம் விட்டாலும் மத்தது பிடிச்சுக்கும்."

அவள் தலையைத் தூக்கி உன்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. மோட்டார் தொட்டியில் கை கழுவும்போது, உன்னைப் பார்க்காமல், முழங்கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்தச் சூட்கேஸ எடுத்து வைங்கப்பா. அடுத்த வாரம் உக்காருவோம்."

அடுத்த வாரம் உட்கார்ந்தீர்கள். வெட்டக் கூடாது என்பது அவள் போட்ட ஒரே நிபந்தனை. சதுரமும் வேண்டாம், முக்கோணமும் வேண்டாம். ஒவ்வொரு கவுனும் கவுனாகவே இருக்க வேண்டும், கைகளை விரித்தபடி, பக்கத்தில் பக்கத்தில். மிகச் சிறியது நடுவில். அதைச் சுற்றி வளர வளர வெளியே. வெட்டிவிட்ட மஞ்சள் கவுனை மட்டும் நீ இணைத்துத் தைத்தாய். ஒட்டுப்போட்ட கோடுகள் தெரிந்தன. "தெரியட்டும்" என்றாள் கயல்.

அந்தப் போர்வை முடிய ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் ஆனது. நான் பல ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா வந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கவுனை விரிப்பீர்கள். அதை வாங்கிய கதையை நீ சொல்வாய். எந்தக் கடை, அன்று வெளியே என்ன வெயில், கடைக்காரரின் சின்னப் பெண்ணை நிற்க வைத்து அளவு பார்த்தது, யார் ஊருக்குக் கொண்டுபோனார் என்று. அவள் தன் பக்கத்தைச் சொல்வாள். "இது வந்தப்ப நான் மூணாவது. தண்ணி திறந்து விட்டிருந்தாங்க. மாமா ஆத்துக்குக் கூட்டிப்போய் நீச்சல் சொல்லிக் குடுத்தாங்க." "இது வந்தப்ப எனக்கு அம்மை." நீ ஊசியை நிறுத்திவிட்டு, "அம்மையா? எனக்குச் சொல்லவே இல்லையே" என்பாய். "உங்களுக்குச் சொல்ல வேணாம்னு அம்மா சொல்லிட்டாங்க" என்பாள். மல்லிகா அடுப்படியிலிருந்து, "சொன்னா மட்டும் பறந்து வந்திருப்பாராக்கும்" என்பாள். பிறகு தையல் தொடரும்.

ஒருநாள் கயல் எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஆறாவது படிக்கும்போது ஒண்ணும் வரலையேப்பா. அந்த வருஷம் முழுக்க ஒண்ணும் வரல. நான் எதிர்பார்த்துக்கிட்டே இருந்தேன்."

நீ ஊசியைத் துணியில் குத்தி வைத்தாய். பிறகு சொன்னாய். அந்த வருடம் நுரையீரலில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்ததை, பிறகு அறைக்கு வந்தும் மாதக்கணக்கில் எழுந்திருக்க முடியாததை. சம்பளமில்லாத லீவு. குலாம் பாய்தான் சோறு ஊட்டினாராம், தன் அம்மாவின் போர்வையை எடுத்து உனக்குப் போர்த்தினாராம். "ஊர்ல சொல்ல வேணாம்னு நான்தான் சொன்னேன்" என்றாய். மல்லிகா கரண்டியோடு வந்து வாசலில் நின்றாள். உன் மனைவிக்கும் தெரியாது, உன் மச்சானுக்கும் தெரியாது. குளிர் அங்கே அதிகம், ஏசி, அதான் இருமல் என்று போனில் நீ சொன்னதை நாங்கள் நம்பியிருந்தோம்.

கயல் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் உன் கம்பெனிச் சட்டை இருந்தது. காக்கி நிறம், கழுத்துப் பட்டை தேய்ந்தது. ஆறாம் வகுப்பு இருக்க வேண்டிய இடத்தில் அதை வைத்தாள். இரண்டு கைகளும் இருபுறமும் உள்ள கவுன்களைத் தொடுகிற மாதிரி விரித்தாள்.

"இது இங்க இருக்கட்டும்ப்பா."

அந்த இடத்தை மட்டும் அவளே தைத்தாள். மாட்டுக்குப் போடுகிற மாதிரி, ஒவ்வொன்றும் தனித்தனி முடிச்சாக.

இதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நீ எதிர்பார்க்காதது. அவளுடைய குவார்ட்டர்ஸில் கட்டிலில் கிடந்த போர்வையைக் கன்றுக்குட்டிக்கு மருந்து வாங்க வந்த ஒரு பெண் பார்த்தாள். அவளுடைய அப்பா மஸ்கட்டில். அடுத்த வாரம் ஒரு பையோடு வந்துவிட்டாள். பிறகு திருக்கடையூரிலிருந்து இரண்டு பேர், நீடாமங்கலத்திலிருந்து ஒரு பையன், அவன் கொண்டுவந்தது எல்லாம் சின்னச் சின்னப் பனியன்கள். நம் பக்கத்தில் இப்படி எத்தனை வீட்டுப் பரணில் எத்தனை மூட்டை இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நீ யாருக்கும் ஒரே மாதிரி தைக்கவில்லை. ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, "இது எப்ப வந்துச்சும்மா, அப்ப நீ என்ன பண்ணிட்டிருந்த" என்று கேட்டுவிட்டுத்தான் துணியை விரிப்பாய். பனியன் கொண்டுவந்த பையன் அதிகம் பேசவில்லை. அவனுக்குத் தைத்ததில் எல்லாப் பனியனையும் முதுகு தெரியும்படி திருப்பி வைத்தாய். அதைப் பார்த்ததும் அவன் அழுதான். எனக்கு இன்றுவரை முழுசாகக் காரணம் தெரியாது. அவனிடம் நீ கேட்டது உனக்கும் அவனுக்கும்தான் தெரியும்.

கயலும் இப்போது உன்னிடம் கேட்க ஆரம்பித்திருந்தாள். மாப்பிள்ளை பார்த்தபோது, அந்தப் பையனிடம் என்ன கேட்க வேண்டும் என்று உன்னோடு வாய்க்கால் கரையில் நடந்தாள். தூரத்திலிருந்து பார்த்தேன். நடவு வயலில் எனக்கு வேலை இருந்தது. நான் அங்கே வரவில்லை.

மாசி மாதம் ஒரு காலையில், காபி குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைக்கப் போனவன், கொல்லையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாய். மல்லிகா கூப்பிட்டு நான் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வலி பெரிதாக இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். அதை நம்ப விரும்புகிறேன்.

மிஷினில் ஒரு போர்வை பாதியில் நின்றது. தரங்கம்பாடியிலிருந்து வந்த பிரேமாவுடையது. அவளுடைய அப்பா பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலை பார்க்கிறார். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. காரியமெல்லாம் முடிந்த பிறகு, அவளைக் கூப்பிட்டுத் துணியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நான் சொன்னேன்.

"வேணாம் மாமா" என்றாள் கயல். "அப்பா பாதி வரைக்கும் கேட்டிருக்காங்க. மீதிய நாம கேட்டு முடிப்போம்."

முடித்தோம். அவள் தைத்தாள். மல்லிகா அடுக்கினாள். நான் நூல் கோத்தேன், ஓரம் மடித்துப் பிடித்தேன். மண்வெட்டி பிடித்த கைக்கு ஊசி வசப்படச் சில மாதங்கள் ஆயின. உன் தையல் சின்னதாகத் தட்டையாக ஓடும். அவளுடையது முடிச்சு முடிச்சாகக் கொஞ்சம் எழும்பி நிற்கும். உன்னுடையது முடிகிற இடம் கண்ணுக்கே தெரிந்தது. பிரித்து ஒரே மாதிரி தைக்கலாமா என்று கேட்டேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள்.

நேரில் கொண்டுபோய்க் கொடுத்தோம். கடற்கரைத் தெருவில் வீடு. பிரேமா கூடத்தில் விரித்து, முழங்காலிட்டு விரலால் தடவிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் நின்றாள்.

"இங்க தையல் மாறுதே டாக்டர்."

"அதுவரைக்கும் எங்கப்பா. அதுக்கப்புறம் நான்."

அவள் அந்த இடத்தில் கையை வைத்தாள். பிறகு போனை எடுத்து அவளுடைய அப்பாவை வீடியோவில் கூப்பிட்டாள். படகுத் துறையில் நின்றிருந்தார் அவர், பின்னால் ஒரே சத்தம். போனைப் போர்வைமேல் மெல்ல நகர்த்திக் காட்டினாள். "அந்தச் செவப்புப் பாவாடை, நீ பள்ளிக்கூடத்துல டான்ஸ் ஆடுனப்ப வாங்குனது" என்றது அவர் குரல். "அதுக்குப் பக்கத்துல உள்ளது எது? இன்னும் கிட்டக் காட்டு." அவள் காட்டிக்கொண்டே இருந்தாள். அவர் ஒன்றொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். கல்யாணத்துக்கு வந்துவிடுவேன், டிக்கெட் போட்டாச்சு என்றார். கயல் என் தோளில் சாய்ந்துகொண்டாள். நாங்கள் வெளியே வந்து கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இப்போதும் ஆட்கள் வருகிறார்கள். மல்லிகாதான் முதலில் உட்கார வைத்துக் கேட்கிறாள். ஆச்சரியமாக இருக்கிறது, உன்னைவிட நன்றாகக் கேட்கிறாள்.

நீ போவதற்கு முந்திய பொங்கலில், என் வீட்டுக் கொல்லையில் கரும்பு கடித்துக்கொண்டே ஒன்று சொன்னாய். "எனக்கு அளவு தெரியல, அது தப்பில்ல மச்சான். எவ்வளவு தூரத்துல இருந்தேன். ஆனா ரெண்டு தடவை தப்பானதும் கேக்குறத விட்டுட்டேன். நானா ஒரு கணக்குப் போட்டு அனுப்ப ஆரம்பிச்சேன். புள்ளைங்க வளந்துக்கிட்டே இருக்கும். நாமளும் கேட்டுக்கிட்டே இருக்கணும்."

என் மகன் குமரன் ஓசூரில் இருக்கிறான். நாங்கள் சண்டை போட்டவர்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போன் போட்டால், மழை பெய்யுதா, நெல்லு போட்டாச்சா, சாப்டியா, சரி வைக்கிறேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. இன்று படுதாவைக் களத்தில் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டு, வரப்பில் உட்கார்ந்து அவனைக் கூப்பிட்டேன். வார நாள் என்பதால் பதறிப்போய், "என்னப்பா, என்ன ஆச்சு?" என்றான்.

"ஒண்ணும் ஆகல. இப்ப உனக்குச் சட்டை என்ன சைஸ்?"

அவன் சிரித்தான். போன வருடம் போட்டதெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது என்றான். ஏன் என்று கேட்டேன். ஷிப்ட் மாறியதைச் சொன்னான், சாப்பாடு சரியில்லாததைச் சொன்னான், வேறு கம்பெனிக்குப் போகலாமா என்று யோசிப்பதைச் சொன்னான். நான் இடையில் ஒரு யோசனையும் சொல்லவில்லை. கேட்டேன். தூறல் விழ ஆரம்பித்தது. படுதாமேல் அது சடசடவென்று விழுந்தது. கீழே நெல் நனையவில்லை. "மழையா அங்க? உள்ள போங்கப்பா" என்றான் அவன்.

"பரவால்ல, நீ சொல்லு" என்றேன்.